மூலிகை அறிவு மருந்தாகும்போது: பழங்குடி மக்களின் உரிமையும் சட்டமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

காட்டிலும் மலையிலும் வாழும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்த மருத்துவ அறிவை வைத்து ஒரு நிறுவனம் மருந்து செய்கிறது. அந்த மருந்தின் மீது அந்த மக்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? மாணவர்களும் மூலிகை ஆய்வில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட வழக்குக்கு இது போதாது, அதற்கு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மருந்து விற்ற பிறகு எத்தனை சதவீதம் தருகிறார்கள் என்பதைவிட, முதல் இலையைப் பறிக்கும் முன் அந்த மக்களைக் கேட்டார்களா என்பதே பெரிய விஷயம்.

எந்த அறிவைப் பற்றிப் பேசுகிறோம்? சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இதில் சேருமா?

சேரும். ஆனால் சட்டம் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, சீன மருத்துவம் போன்றவை நூல்களில் எழுதப்பட்டவை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதனால் அவற்றுக்கு 'சொந்தக்காரர்' என்று ஒரு சமூகத்தைக் காட்டுவது கடினம். இன்னொரு வகை, ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்குள் வாய்மொழியாக மட்டும் வாழ்கிற அறிவு. சில குடும்பங்களுக்கு, சில வைத்தியர்களுக்கு மட்டுமே அது தெரிந்திருக்கும். வெளியாள் ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு போனால் ஒழிய வெளியே வராது. சட்டத்தில் பெரிய ஓட்டை இருப்பது இந்த இரண்டாவது வகைக்குத்தான். இந்தப் பக்கத்தில் அதிகம் பேசப்போவதும் அதைப் பற்றியே.

இந்த அறிவிலிருந்து உண்மையிலேயே நவீன மருந்துகள் வந்திருக்கின்றனவா?

வந்திருக்கின்றன. மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் இதற்கு மிகத் தெளிவான சான்று. சீன அரசு 1967இல் தொடங்கிய ரகசிய ஆய்வுத் திட்டத்தில் டூ யூயூ என்ற விஞ்ஞானியின் குழு, சிங்ஹாவ் என்ற செடியைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்துப் பார்த்தது. பலன் ஒருமுறை வந்தது, மறுமுறை வரவில்லை. அப்போது 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் எழுதிய குறிப்பு ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, அந்தச் சாற்றைக் குடிக்கச் சொல்கிறது அந்தக் குறிப்பு. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்ற சந்தேகம் வந்தது. 1971இல் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரை வைத்துச் சாறு எடுத்தார், எலிகளில் மலேரியா முழுமையாகக் கட்டுப்பட்டது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் நான் கவனிக்கச் சொல்வது, பழைய அறிவு 'எந்தச் செடி' என்பதோடு நிற்கவில்லை என்பதைத்தான். எப்படி எடுக்க வேண்டும் என்பதையும் அது சேர்த்தே சொன்னது. மருந்து ஆய்வில் பல வருட உழைப்பை மிச்சப்படுத்துவது அந்தச் செய்முறை அறிவு.

சர்ப்பகந்தி வேரும் இப்படியே. மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டது. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அதைப் பற்றிப் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அதிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது.

நித்தியகல்யாணிப் பூவிலிருந்து புற்றுநோய் மருந்து வந்தது, மடகாஸ்கருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறார்களே?

மருந்து வந்தது உண்மை. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் உட்படப் பல புற்றுநோய்களின் சிகிச்சையை மாற்றின. செடியின் தாயகம் மடகாஸ்கர். ஆனால் ஆய்வாளர்களை அந்தச் செடியிடம் கொண்டுபோனது மடகாஸ்கரின் அறிவு அல்ல. ஜமைக்கா, பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களில் சர்க்கரை நோய்க்கு அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். கனடாவில் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அங்கிருந்து புற்றுநோய் மருந்துக்குப் பாதை திறந்தது.

செடி ஒரு நாட்டுடையது, அறிவு வேறு நாடுகளுடையது, அந்த அறிவு சொன்ன நோயும் வேறு. இதில் யாருக்குப் பங்கு? இன்றைய சட்டங்களாலும் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. 'திருடிவிட்டார்கள்' என்ற ஒற்றை வார்த்தையில் இதை முடிக்காமல் இருப்பது நல்லது. அப்படி முடித்தால், உண்மையாகவே கேட்காமல் எடுத்துக்கொண்ட மற்ற வழக்குகளின் கனமும் குறைந்துபோகிறது.

அந்தச் சமூகமே காப்புரிமை வாங்கிவிடலாமே?

பெரும்பாலும் முடியாது. காப்புரிமை (பேட்டன்ட்) என்பது ஒரு கண்டுபிடிப்பின் மீது கிடைக்கும் தனியுரிமை. அது வேண்டுமென்றால் விஷயம் புதிதாக இருக்க வேண்டும், கண்டுபிடித்தவர் இன்னார் என்று பெயர் சொல்ல வேண்டும். முந்நூறு வருடமாக ஒரு சமூகம் பயன்படுத்தும் இலையில் புதுமையும் இல்லை, பெயர் சொல்ல ஒற்றைக் கண்டுபிடிப்பாளரும் இல்லை. அப்படியே கிடைத்தாலும் 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். பல நாடுகளில் விண்ணப்பித்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செலவு ஒரு கிராமத்தால் தாங்கக்கூடியதல்ல. ஒரு அறிவு எவ்வளவு பழையதோ, எவ்வளவு பேரால் காக்கப்பட்டதோ, அவ்வளவுக்குக் காப்புரிமைச் சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை.

அதே செடியில் நிறுவனத்துக்கு மட்டும் எப்படிக் காப்புரிமை கிடைக்கிறது?

நிறுவனம் செடியைக் கேட்பதில்லை. செடியிலிருந்து பிரித்த மூலக்கூறையோ, அதைக் கொஞ்சம் மாற்றிய வடிவத்தையோ, சாறு எடுக்கும் முறையையோ, ஒரு நோய்க்கு அதன் புதிய பயன்பாட்டையோ கேட்கிறது. இலைக்குப் பழைய வரலாறு உண்டு, மூலக்கூறின் பெயர் எந்தப் பாட்டிக்கும் தெரியாது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அது 'புதிது'.

நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் மிரியட் என்ற நிறுவனத்தின் மரபணு வழக்கில், இயற்கையில் இருப்பதை வெறுமனே பிரித்தெடுத்தால் மட்டும் காப்புரிமை கிடையாது என்றது. ஐரோப்பாவில் பிரித்தெடுத்த பொருளுக்கு இன்னும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு பழைய அநியாயமும் இருந்தது. 2013 மார்ச் வரை அமெரிக்கச் சட்டத்தில், வெளிநாட்டில் மக்கள் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார்கள் என்பது மட்டும் 'ஏற்கெனவே தெரிந்தது' என்பதற்குச் சாட்சியாகாது. அச்சில் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் வாய்மொழியாக இருந்தால் செல்லும், கடல் தாண்டி இருந்தால் செல்லாது. இந்த வேறுபாட்டை இப்போது எடுத்துவிட்டார்கள். ஆனால் வாய்மொழி வழக்கத்தை நிரூபிக்கும் சுமை இன்னும் எதிர்ப்பவர் தலையில்தான் இருக்கிறது.

மஞ்சள் வழக்கில் வென்றோமே, அப்புறம் என்ன கவலை?

வென்றது பெரிய விஷயம்தான். மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்தது. பழைய சமஸ்கிருத நூலிலிருந்து 1953இல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை வரை 32 சான்றுகளைக் கொடுத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் சேர்ந்து பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை 2000இல் ரத்து செய்யப்பட்டது, மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது.

மஞ்சள் வழக்கில் வெற்றி வந்தது எப்படி என்று பாருங்கள். எழுத்தில் இருந்ததால் வந்தது. எழுதப்படாத அறிவு என்ன ஆகும் என்பதற்கு அமேசானின் அயாவாஸ்கா கொடி வழக்கு இருக்கிறது. அமேசான் மக்களின் சடங்குகளில் புனிதமாகக் கருதப்படும் அந்தக் கொடியின் ஒரு வகைக்கு 1986இல் ஒரு அமெரிக்கர் தாவரக் காப்புரிமை வாங்கினார். அமேசான் பழங்குடி அமைப்புகளின் கூட்டமைப்பு எதிர்த்து மனுப்போட்டது, 1999இல் காப்புரிமை நிராகரிக்கப்பட்டது. காரணம் என்ன தெரியுமா? சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றில் உலரவைத்து ஒட்டியிருந்த அதே கொடியின் மாதிரிகளும் அவற்றோடு இருந்த விவரங்களும். அமேசான் மக்களின் நூற்றாண்டு வழக்கம் தீர்ப்பைத் தீர்மானிக்கவில்லை. 2001இல் அந்தக் காப்புரிமை திரும்ப உயிர்பெற்று, 2003இல் காலாவதியாகும் வரை இருந்தது.

தவிர, ரத்து செய்வது தற்காப்பு மட்டுமே. 'நீ தனியுரிமை கொண்டாடாதே' என்று தடுக்கலாம். அதனால் அந்த அறிவைக் காத்தவர்களுக்கு ஒரு பைசா வராது, 'என் அனுமதி இல்லாமல் தொடாதே' என்று சொல்லும் அதிகாரமும் வராது.

அப்படியானால் எல்லாவற்றையும் எழுதிப் பதிவு செய்துவிட்டால் பாதுகாப்புதானே?

ஏற்கெனவே நூல்களில் இருப்பதற்கு ஆம். இந்தியாவின் பாரம்பரிய அறிவு மின்னூலகம் 2001இல் அதற்காகவே தொடங்கப்பட்டது. ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களின் மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில், காப்புரிமை அலுவலகங்களுக்குப் புரியும் வடிவத்தில் தொகுத்தார்கள். 2009இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துக்கு முதலில் திறந்துவிட்டார்கள். தமிழில் மட்டும் இருந்த சித்த மருந்துக் குறிப்பை மியூனிக்கில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகர் தேடிப் பார்க்க முடிகிறது என்பது சாதாரண விஷயமல்ல.

வாய்மொழி அறிவுக்கு இதே வைத்தியம் ஆபத்தாகலாம். ஒரு சமூகத்தின் மூலிகைகளை ஆர்வமாகத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டால், அது அன்று முதல் எல்லோருக்கும் பொது. காப்புரிமையைத் தடுக்கலாம்தான். ஆனால் ரகசியம் போய்விட்டது, பேரம் பேசும் பலமும் போய்விட்டது. நல்ல எண்ணத்தோடு தொகுத்தவர்களாலேயே இது நடக்கிறது என்பதுதான் வருத்தம். பெரு நாடு இதற்கு வழி கண்டது. 2002இல் வந்த 27811ஆம் எண் சட்டத்தில் மூன்று பதிவேடுகள் வைத்தார்கள்: எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு, யாருக்கும் காட்டாத ரகசியப் பதிவேடு, சமூகமே வைத்துக்கொள்ளும் உள்ளூர்ப் பதிவேடு. எது எதில் போக வேண்டும் என்று முதலில் யோசித்துவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது.

சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது?

1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உயிரியல் பன்முகத்தன்மை உடன்படிக்கை, மரபு வளங்களின் (மரபணுவைத் தாங்கிய செடி, விலங்கு, நுண்ணுயிர்களின்) மீது நாடுகளுக்கு இறையாண்மை உண்டு என்றது. அதற்கு முன் அவற்றை 'மனிதகுலத்தின் பொதுச் சொத்து' என்றே பேசி வந்தார்கள். அதன் 8(ஜே) பிரிவு பழங்குடி மக்களின் அறிவை மதிக்கவும், அவர்கள் ஒப்புதலோடு பயன்படுத்தவும், பயனைப் பகிரவும் சொல்கிறது. ஆனால் 'அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு' என்ற வாலும் ஒட்டியிருக்கிறது.

2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை இதைக் கூர்மையாக்கியது. எடுப்பவர் தன் நாட்டிலேயே 'இது முறையாகப் பெறப்பட்டதா' என்று சோதிக்கப்பட வேண்டும் என்கிறது. அமெரிக்கா உடன்படிக்கையிலும் சேரவில்லை, நெறிமுறையிலும் சேரவில்லை. உலகின் மிகப் பெரிய மருந்துச் சந்தை வெளியே நிற்கிறது என்பதை மறந்துவிட்டு இந்தச் சட்டங்களைப் படிக்கக் கூடாது.

2024இல் ஏதோ புதிய ஒப்பந்தம் வந்ததாமே?

வந்தது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் இதற்கான குழு 2000இல் அமைக்கப்பட்டது. கால் நூற்றாண்டு இழுபறிக்குப் பிறகு 2024 மே 24 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. மரபு வளத்தை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்பவர், அந்த வளம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதோடு சேர்ந்த பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தியிருந்தால், எந்தப் பழங்குடி அல்லது உள்ளூர்ச் சமூகம் கொடுத்தது என்றும் சொல்ல வேண்டும். 15 நாடுகள் உறுதிசெய்த பிறகே நடைமுறைக்கு வரும்.

இந்த ஒப்பந்தத்தின் பலம் கொஞ்சம் குறைவுதான். சொல்லத் தவறினால், அந்தக் காரணத்துக்காக மட்டும் கொடுத்த காப்புரிமையைப் பறிக்க முடியாது. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் மட்டுமே நாடுகள் கடுமை காட்டலாம். சம்மதம் வாங்கினீர்களா என்று இந்த ஒப்பந்தம் கேட்பதே இல்லை. இருந்தாலும் எனக்கு இது பிடிக்கிறது. எங்கிருந்து எடுத்தோம் என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டால், அந்தச் சமூகம் தேடிக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கிறது. இதுவரை அந்தப் பிடியே இல்லாமல்தான் பலரும் போராடினார்கள்.

காணிப் பழங்குடி மக்களின் 'ஜீவனி' மருந்துக் கதையை எல்லோரும் முன்மாதிரி என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. விரிவாகவே சொல்கிறேன்.

1987இல் அகத்தியமலைக் காடுகளில் ஒரு விஞ்ஞானிகள் குழு நடந்துகொண்டிருந்தது. வழிகாட்டிகள் காணி இளைஞர்கள். ஏறிக் களைத்த விஞ்ஞானிகள், இவர்கள் மட்டும் சோர்வில்லாமல் நடப்பதையும் அவ்வப்போது ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொள்வதையும் கவனித்தார்கள். என்னவென்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை, வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயம் என்றார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

கேரளத்தில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதன் இலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீத ராயல்டி. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று நிறுவனமே முடிவு செய்தது. 1997இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளை பதிவானது, 1999இல் பணம் போய்ச் சேர்ந்தது. அப்போது இந்தியாவில் பயன் பகிர்வைக் கட்டாயமாக்கும் சட்டமே கிடையாது. அந்த நிலையில் தானாக முன்வந்து பாதியைக் கொடுத்தது மதிக்க வேண்டிய செயல்.

இடறியது எங்கே என்றால், சம்மதத்தில். சொன்னவர்கள் சில வழிகாட்டிகள், அறிவோ ஒரு சமூகத்துடையது. காணி வைத்தியர்கள் சிலர் தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்து 1995இல் கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதினார்கள். பல குடியிருப்புகளுக்கு ஒப்பந்தம் பற்றியே பிறகுதான் தெரிந்தது. இலை பறிப்பதிலும் பயிரிடுவதிலும் வனத்துறையோடு சிக்கல் வந்து மூலப்பொருள் தடைபட்டது. வெளிநாட்டில் பாதுகாப்புத் தேடாமல் விட்டதால், அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் 'ஜீவனி' என்ற பெயரையே வணிகச்சின்னமாகப் பதிந்துகொண்டது. பணம் கொடுத்த விதத்தில் முன்மாதிரி. கேட்ட விதத்தில் அல்ல.

ஒரு சமூகத்தின் சார்பில் 'சரி' என்று சொல்ல யாருக்கு அதிகாரம்?

இந்தத் துறையிலேயே கடினமான கேள்வி இதுதான். மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியில் மாயா மக்களின் மூலிகைகளை ஆராய, ஜார்ஜியா பல்கலைக்கழகமும் உள்ளூர் ஆய்வு நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும் சேர்ந்து அமெரிக்க அரசு நிதியோடு 1998இல் ஒரு திட்டம் தொடங்கின. கிராமம் கிராமமாகப் போய்ச் சம்மதம் கேட்டார்கள். பயன் பகிர்வும் திட்டத்தில் இருந்தது. ஆனால் பாரம்பரிய வைத்தியர்களின் கூட்டமைப்பு ஒன்று எதிர்த்தது. பல கிராமங்களுக்கும் இனங்களுக்கும் பொதுவான அறிவை சில கிராமங்கள் மட்டும் எப்படிக் கொடுக்கலாம் என்று கேட்டது. 2001இல் திட்டமே நின்றுபோனது.

சம்மதம் கொடுத்த கிராமங்களின் விருப்பத்தை மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத இடத்தில் 'சரி' என்பதற்குப் பொருள் இல்லை. ஆகவே அந்தத் திட்டம் நின்றதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை.

ஒப்பந்தம் போட்டால் பணம் வருமா?

பெரும்பாலும் வருவதில்லை, ஏனென்றால் பெரும்பாலான மருந்து முயற்சிகள் சந்தைக்கே வருவதில்லை. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசியும் தாகமும் அடங்க ஹூடியா என்ற கள்ளி போன்ற செடியை மெல்வார்கள். அந்நாட்டு அரசு ஆய்வு மன்றம் அவர்களைக் கேட்காமலே 1990களில் காப்புரிமை வாங்கி, பைட்டோபார்ம் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வழியாக ஃபைசர் மருந்து நிறுவனத்துக்குக் கொடுத்தது. விஷயம் வெளியே வந்து சான் மக்கள் போராடியதால் 2003இல் ஒப்பந்தம் ஏற்பட்டது: ஆய்வு படிப்படியாக முன்னேறும்போது கிடைக்கும் இடைநிலைத் தொகைகளில் 8 சதவீதம், ராயல்டியில் 6 சதவீதம். அதே ஆண்டு ஃபைசர் விலகியது. பிறகு வந்த யூனிலீவரும் 2008இல் கைவிட்டது. எதிர்பார்த்த பெரும்பணம் வரவே இல்லை.

ஆனால் சான் மக்கள் அதோடு நிற்கவில்லை. 2017இல் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறிமுறையை எழுதி வெளியிட்டார்கள். ஆய்வாளர் வரும்போது என்ன எதிர்பார்க்கிறோம், எப்படி அணுக வேண்டும் என்பதை அவர்களே சொல்கிறார்கள். ராயல்டி தராத பலம் அது.

சந்தைக்கு வந்தவையும் உண்டு. மேற்கு அமேசான் மக்கள் வயிற்றுப்போக்குக்கும் புண்ணுக்கும் பயன்படுத்தும் சிவப்பு மரப்பாலிலிருந்து குரோஃபெலமர் என்ற மருந்து உருவானது. எய்ட்ஸ் நோயாளிகளின் வயிற்றுப்போக்குக்கு அமெரிக்கா அதை 2012 டிசம்பர் 31 அன்று அனுமதித்தது. அந்த ஆய்வைத் தொடங்கிய ஷாமன் நிறுவனம் அதற்கு வெகு முன்பே திவாலாகி, மருந்து வேறு கைகளுக்குப் போயிருந்தது. ஆகவே ஒப்பந்தம் எழுதுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: உரிமை யார் கைக்கு மாறினாலும் சமூகத்துக்குக் கொடுத்த வாக்கும் கூடவே மாறும்படி ஒரு பிரிவு இருந்தாக வேண்டும்.

இந்தியச் சட்டம் எந்த அளவுக்குக் காக்கிறது?

காகிதத்தில் நன்றாகவே. காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவு பாரம்பரிய அறிவைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. 25ஆம் பிரிவில், ஒரு சமூகத்தில் வாய்மொழியாக இருந்த அறிவையும் காட்டிக் காப்புரிமையை எதிர்க்கலாம். பல நாடுகளில் இப்படி வெளிப்படையாக எழுதப்படவில்லை.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் சென்னையில் தேசிய ஆணையத்தையும், உள்ளாட்சி மட்டத்தில் மேலாண்மைக் குழுக்களையும் அமைத்தது. இந்திய நிறுவனங்களும் பயனைப் பகிர வேண்டும் என்று திவ்யா பார்மசி என்ற ஆயுர்வேத நிறுவனத்தின் வழக்கில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொன்னது. 2023 திருத்தம் பின்னால் இழுத்தது என்பது என் கருத்து. நூலில் உள்ள பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன் பகிர்விலிருந்து விலக்குக் கொடுத்தார்கள், சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக்கினார்கள். நூலில் இருக்கும் பல மூலிகைகளை இன்றும் காட்டில் காத்துத் தேடிப் பறித்துக் கொடுப்பது அதே மலைவாழ் மக்கள்தான். அவர்கள் பங்கு இந்த விலக்கில் அடிபட்டுப்போகிறது.

செடியே வேண்டாம், கணினியில் மரபணு வரிசை இருந்தால் போதும் என்கிறார்களே?

உண்மைதான். வரிசையை இணையத்திலிருந்து இறக்கி, ஈஸ்டுக்குள் செலுத்தி மூலக்கூறைத் தயாரிக்க முடிகிற காலம் இது. காட்டுக்கே போகாதவரிடம் காட்டு அனுமதி எப்படிக் கேட்பது? இந்த ஓட்டையை அடைக்க 2025 பிப்ரவரியில் காலி நிதி என்ற உலக நிதி தொடங்கப்பட்டது. இத்தகைய தகவலால் லாபம் பெறும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ செலுத்தலாம், அதில் குறைந்தது பாதி பழங்குடி, உள்ளூர்ச் சமூகங்களின் தேவைகளுக்குப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கட்டாயம் இல்லை. இங்கேயும் சம்மதம் என்ற பேச்சே இல்லாமல் பணத்தோடு முடிந்துவிடுகிறது.

இவ்வளவு கெடுபிடி இருந்தால் புதிய மருந்துகள் வராமல் போகாதா?

அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஆய்வைக் கைவிட்ட நேர்மையான விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், அது உண்மையான இழப்பு. ஆனால் அதற்கு மருந்து, அலுவலகங்கள் வேகமாக வேலை செய்வது. மருந்துக் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு மூலக்கூறை வாங்கி விற்கும்போது மாதக்கணக்கில் பேரம் பேசி ஒப்பந்தம் போடுகின்றன. அதைத் தடை என்று யாரும் சொல்வதில்லை. எதிர்ப்பக்கம் ஒரு மலைக் கிராமம் உட்காரும்போது மட்டும் அது தடையாகத் தெரிவது சரியில்லை.

நான் ஆய்வு மாணவர். என்ன செய்ய வேண்டும்?

களத்துக்குப் போகும் முன் அந்த நாட்டின் பல்லுயிர் ஆணையத்திடம் அனுமதி தேவையா என்று பாருங்கள். சமூகத்திடம் அவர்கள் மொழியில், பொதுக் கூட்டத்தில், நேரம் கொடுத்துக் கேளுங்கள். ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கட்டுரை வெளியிடுவதும் ஒரு வெளிப்படுத்தல்தான். எந்தப் பகுதி, எந்த அளவு, எந்தப் பக்குவம் என்பதை அச்சில் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் கட்டுரையில் அந்தப் பத்தி இருக்கக் கூடாது.

எங்கள் ஊருக்கு ஒருவர் வந்து மூலிகை பற்றிக் கேட்கிறார். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

யார் அனுப்பினார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மாதிரி எந்த ஆய்வகத்துக்குப் போகும், அங்கிருந்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா, காப்புரிமை கேட்பார்களா என்று கேளுங்கள். முடிவை எப்போது, எந்த மொழியில் வந்து சொல்வார்கள் என்று நாள் குறிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள், ஒரு நகல் ஊரிடம் இருக்கட்டும். எந்தப் பகுதி, எந்தப் பக்குவம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டிய அவசியம் இல்லை. செடியின் பெயரைச் சொன்ன பிறகும் மிச்சத்தை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை உண்டு. அன்றே பதில் வேண்டும் என்று அவசரப்படுத்தினால், அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு வரச் சொல்லி அனுப்பிவையுங்கள்.